எட்டுக் கேள்விகளும் அம்மாவின் ஒன்பதாவது கேள்வியும்

ஓர் ஆய்வைத் திட்டமிடுகிறவர்கள், அந்த ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்களை எந்தக் கட்டத்தில் கேட்க வேண்டும் என்பது பற்றிச் சில மாதங்களாக மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதி வைக்கிறேன். சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ளவர்கள் படிக்கலாம்.

சென்ற கோடையில் மருத்துவ முதுநிலை படிக்கும் தோழி ஒருத்தி என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றி வாடகை வண்டி ஓட்டுகிறவர்களிடையே தூக்கக் கோளாறு எந்த அளவில் இருக்கிறது என்று தன் ஆய்வேட்டுக்காகப் பார்க்க எண்ணியிருந்தாள். ஓட்டுநர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். எல்லைத் தமிழருக்குப் புரிகிற தமிழில் அந்தத் தாளை ஆக்கித் தர வேண்டும் என்பது கோரிக்கை. மொழியியல் படித்தவள், சித்தூர்க்காரி, வாடகை வண்டி ஓட்டுநரின் மகள் என்ற மூன்று தகுதிகளும் எனக்கு இருந்ததால் அவள் வேறு யாரையும் தேடவில்லை.

அந்தத் தாள் எப்வொர்த் அளவுகோல். 1991இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மரே ஜான்ஸ் என்ற மருத்துவர் உருவாக்கி, தாம் பணிபுரிந்த மருத்துவமனையின் பெயரையே அதற்கு இட்டார். இன்று உலகெங்கும் தூக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது. உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா அமர்ந்திருக்கும்போது, காரில் ஒரு மணி நேரம் பயணியாகச் செல்லும்போது, பிற்பகலில் படுத்திருக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, மது அருந்தாத மதிய உணவுக்குப் பின், போக்குவரத்தில் கார் சில நிமிடம் நின்றிருக்கும்போது என எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண்ணயர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல்தூக்கம் அளவுக்கு மீறியது என்று கொள்வார்கள்.

இரண்டே மாலைகளில் மொழிபெயர்த்து முடித்தேன். 'கண்ணயர்தல்' என்ற சொல் கிடைத்ததும் எனக்குப் பெருமிதம். ஆழ்ந்த தூக்கமும் இல்லை, வெறும் களைப்பும் இல்லை. இடைப்பட்ட நிலையை அச்சொல் அழகாகப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். முதல் வாசகராக அப்பாவைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கி, கண்ணாடியை மாட்டி, சிறிது நேரம் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீயே படி கண்ணு."

அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சித்தூரில் தமிழ் பேசும் குடும்பங்களில் அவர் தலைமுறையில் பலர் தெலுங்கு வழியில் படித்தவர்கள். தமிழில் நினைப்பார்கள், தெலுங்கு எழுத்தில் கணக்கு எழுதுவார்கள். எனக்குத் தமிழெழுத்தைக் கற்றுக்கொடுத்தது நகரியில் இருந்த பாட்டி. மாநில எல்லைகளும் சிறுபான்மை மொழியும் என்று வகுப்பில் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதியவள் நான். என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்த அந்த உண்மை, வேலை என்று வந்தபோது நினைவுக்கு வரவில்லை.

ஆகவே நான் படித்தேன், அவர் பதில் சொன்னார். படிக்கும்போது? "நான் எங்க படிக்கிறேன்? சைபர் போடு." காரில் ஒரு மணி நேரம் பயணியாக? "நான் பயணியாப் போனதே கிடையாது. சைபர்." மதிய உணவுக்குப் பின்? கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு." கடைசியாக, வண்டி நின்றிருக்கும்போது ஓட்டும் இருக்கையில்? யோசிக்காமல், "சைபர்."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "போன மாசம் பூதலப்பட்டு கிட்ட என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, உங்க பொண்ணுகிட்ட."

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. யாத்திரிகர்களை இறக்கிவிட்டு விடியற்காலை காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தவர், சாலையோர மண்ணில் சக்கரம் இறங்கியபோதுதான் விழித்திருக்கிறார். பக்கக் கண்ணாடி மரக்கிளையில் பட்டு உடைந்திருக்கிறது. வேறெதுவும் ஆகவில்லை. ஓனரிடம் சொல்லாமல் தன் காசில் கண்ணாடி மாற்றியிருக்கிறார். வீட்டிலும் அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

"அப்ப ஏம்ப்பா சைபர்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இந்தப் பேப்பரு யாருகிட்ட போவும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. தோழியிடம் போகும், அவளுடைய வழிகாட்டியிடம் போகும், கணினியில் ஏறும். அதற்கப்பால்? வண்டி ஓட்டுகிறவர்களின் பட்டியலை ஓனர்களிடமிருந்து பெறுவதாகத்தான் திட்டம். ஓனர் வழியாக வரும் தாளில், சக்கரத்தின் முன் கண் சொருகியது உண்டு என்று எந்த ஓட்டுநர் எழுதுவார்? உரிமமும் வேலையும் கேள்விக்குள்ளாகும் இடத்தில் அப்பா சொன்ன சைபரைப் பொய் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. கேட்டவர்கள் யார், கேட்டதை என்ன செய்வார்கள் என்பது தெரியாதபோது எவரும் தரக்கூடிய பதில் அது. போதாக்குறைக்கு, கேட்டது மகள். அருகில் நின்றது மனைவி.

அம்மா அதோடு விடவில்லை. "நான் ஒண்ணு கேக்குறேன், அதுக்கு உன் பேப்பர்ல பதில் இருக்குதா பாரு. உங்கப்பா குறட்டை விட்டுட்டே இருப்பாரு, திடீர்னு சத்தமே நின்னுபோவும். மூச்சும் நின்னுபோவும். நான் எண்ணிட்டே இருப்பேன், பத்து, பதினஞ்சு. அப்புறம் 'கர்'னு ஒரு சத்தம், மறுபடி மூச்சு வரும். அந்த நேரத்துல நான் எழுப்பணுமா, எழுப்பக் கூடாதா?"

என் தாளில் எட்டுக் கேள்விகள் இருந்தன. அம்மாவுக்கு அதில் இடமே இல்லை. அப்பாவின் தூக்கத்தைப் பற்றி உலகத்திலேயே அதிகம் அறிந்தவள் அவள். அவர் தூங்கும்போது அவர் இருப்பதில்லை, அவள்தான் இருக்கிறாள்.

அன்றிரவு என் மொழிபெயர்ப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 'கண்ணயர்தல்' எவ்வளவு நல்ல சொல்லாக இருந்தாலும் அப்பாவின் வாயில் ஒருநாளும் வராத சொல். அவரும் அவர் கூட்டாளிகளும் பேசுவதைப் பின்னர் சில வாரங்கள் காது கொடுத்துக் கேட்டேன். 'தூக்கம் வருது' என்பது வேறு. அது உடம்பின் நியாயமான கோரிக்கை, டீ குடித்தால் தள்ளிப்போகும். 'கண் சொருகுது' என்பது வேறு. அது ஆபத்து, வண்டியை ஓரங்கட்ட வேண்டும். 'கோழித்தூக்கம்' என்பது இருக்கையில் தலை சாய்ந்து சாய்ந்து நிமிர்வது. அதைத் தூக்கக் கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை. தெலுங்கில் 'குனுகு' என்றால் சிறுதூக்கம், அது விரும்பிப் போடுவது. ஒரே ஆள் ஒரே உரையாடலில் இந்த நான்கையும் கலந்து பேசுவார். இவற்றையெல்லாம் என் ஒரு சொல்லுக்குள் போட்டு, 0 முதல் 3 வரை எண் கேட்டால் வருவது எதன் அளவு?

தமிழில் 'தூங்கு' என்ற வினைக்குத் தொங்குதல், அசைதல் என்பவையே பழைய பொருள்கள். தூக்கு என்பதும் அந்தச் சுற்றத்தைச் சேர்ந்தது. தெலுங்கின் 'தூகு' என்பதிலும் ஊசலாடுவதும் தூக்கத்தில் தலையாடுவதும் சேர்ந்தே நிற்கின்றன. இரண்டு மொழிகளும் உட்கார்ந்தபடி தலை ஆடுகிற மனிதரைப் பார்த்து இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளைக் கொடுத்திருக்கக்கூடும் என்று நான் நினைப்பதுண்டு. மொழி வரலாற்றுக்கு இது சுவையான செய்தி. ஆய்வுத் திட்டத்துக்கு இது ஓர் எச்சரிக்கை. மக்கள் தங்கள் அனுபவத்தை எங்கெங்கே வெட்டிப் பெயரிட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் கேள்வி எழுதினால், அவர்களிடம் இல்லாத ஒன்றை அளந்துவிட்டு வருவோம்.

இந்தச் சிக்கல் எனக்கு மட்டும் வந்ததன்று. கார் ஓட்டாதவர்களும் புத்தகம் படிக்காதவர்களும் நிறைந்த நாட்டில் இந்த எட்டுச் சூழல்கள் பொருந்தவில்லை என்று கண்டே, திருத்தப்பட்ட இந்தி வடிவம் ஒன்றை மருத்துவர்கள் உருவாக்கி 2016இல் வெளியிட்டார்கள். எனவே மருத்துவர்களுக்கு இது தெரியாததன்று. ஆனால் சூழலை மாற்றுவது கேள்வியின் உடையை மாற்றுவது. என்ன கேள்வியைக் கேட்பது என்று முடிவு செய்யும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதற்கும் முந்தியது.

அந்த இடத்தில் நோயாளிகளும் குடும்பத்தாரும் உட்கார்ந்த வரலாறு தூக்க மருத்துவத்துக்கு உண்டு. அமெரிக்க நாடாளுமன்றம் 1988இல் தூக்கக் கோளாறு ஆய்வுக்கென ஒரு தேசிய ஆணையத்தை ஏற்படுத்தியது. தலைவர், தூக்க மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் டிமென்ட். ஆணையம் பொது விசாரணைகள் நடத்தியது. நோயாளிகள் வந்து பேசினார்கள், குடும்பத்தார் வந்து பேசினார்கள். 1993இல் அறிக்கை வந்தது. அதே ஆண்டு தேசியத் தூக்கக் கோளாறு ஆய்வு மையம் சட்டப்படி தோன்றியது. அதன் ஆலோசனைக் குழுவில் அறிவியலாளர்களோடு, தூக்கக் கோளாறு உள்ளவர்களின் சார்பில் பேசும் பொதுமக்கள் பிரதிநிதிகளுக்கும் இடம் வைத்தார்கள். பின்னர் 2010களின் நடுப்பகுதியில், தூக்கத்தில் மூச்சுத்திணறல் உள்ள நோயாளிகளே ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்திய 'மைஅப்னியா' என்ற இணைய அமைப்பும் வந்தது. எதை ஆராய வேண்டும் என்று சொல்வதில் நோயாளிகளுக்கு அங்கே பங்கு இருந்தது.

பிரிட்டனில் 2004இல் தொடங்கப்பட்ட ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு இதற்கென ஒரு முறையையே வகுத்தது. ஒரு நோயைப் பற்றி இன்னும் விடை காணப்படாத கேள்விகள் எவை என்று நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவர்கள் மூவரிடமும் கேட்பார்கள். வந்து குவியும் கேள்விகளில் ஏற்கெனவே விடை உள்ளவற்றை நீக்குவார்கள். மீந்தவற்றை மூன்று தரப்பும் ஒரே மேசையில் சம உரிமையோடு உட்கார்ந்து வரிசைப்படுத்தி, முதல் பத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த முறையில் எனக்குப் பிடித்தது பராமரிப்பவர்களுக்குத் தனி இடம் இருப்பது. இரவில் எண்ணிக்கொண்டு விழித்திருக்கும் அம்மா அந்த மேசையில் விருந்தாளியாக இருக்க மாட்டாள்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் சமூகத்தை ஆய்வில் ஈடுபடுத்துவது குறித்துப் பேசுகின்றன. நெறிமுறைக் குழுவில் துறை சாராத சாதாரணக் குடிமகன் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் 2000களின் நடுவில் எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையை நடத்தியபோது சமூக ஆலோசனைக் குழு ஒன்றை வைத்திருந்தது. செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2009இல், அன்று ஒன்றுபட்டிருந்த ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் முன்னோட்டத் திட்டம் நடந்தது. பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பெற்றோர் இட வேண்டிய ஒப்புதல் கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்கள் இட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா என்ற கேள்வி வேறு. ஒரு தாள் தன் கையைத் தாண்டி எங்கே போகும் என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. காப்பாளரின் கையெழுத்தையும் ஓனரின் பட்டியலையும் நான் ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் தாளும் ஓட்டுநரைத் தொடும் முன்பே அவருக்கு மேலிருக்கும் ஒருவர் கையைத் தொட்டுவிட்டுத்தான் வருவதாக இருந்தது.

இதையெல்லாம் தோழியிடம் சொன்னபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, அவங்களையே கேட்போம்" என்றாள். அப்பாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு திருப்பதியில் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பிற்பகல்களில் நான்கைந்து முறை போனோம். தாள் கொண்டுபோகவில்லை.

திருப்பதி தூங்காத ஊர் என்பது வெறும் பேச்சன்று. மலைமேல் ஏகாந்த சேவை முடிந்து நடை சாத்துவதற்கும், விடியுமுன் சுப்ரபாதத்துக்கு நடை திறப்பதற்கும் இடையே கழிவது சொற்ப நேரம். அந்த ஒழுங்குக்கு ஏற்பத்தான் கீழே ஊரே விழித்துக் கண்ணுறங்குகிறது. மலைப்பாதை நள்ளிரவில் சில மணி நேரம் மூடப்படும்போது அலிபிரியில் வண்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே ஓட்டுநர்கள் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருப்பார்கள். யாத்திரிகர்கள் தரிசன வரிசையில் எட்டு மணி நேரமோ பதினைந்து மணி நேரமோ நிற்க, ஓட்டுநர் நிறுத்துமிடத்தில் காத்திருப்பார். அவர்கள் தரிசனம் முடிந்து வந்ததும் காணிப்பாக்கம், ஸ்ரீபுரம், காளஹஸ்தி என்று அடுத்த சுற்று தொடங்கும்.

ஓட்டுநர்கள் கேட்ட கேள்விகளை என் குறிப்பேட்டிலிருந்து தருகிறேன். நிறுத்துமிடத்தில் இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம், அலிபிரியில் ஒரு மணி நேரம் என்று துண்டு துண்டாகத் தூங்கினால் அது ஐந்து மணி நேரத் தூக்கம் ஆகுமா? ஆகாதென்றால், கிடைக்கிற ஐந்து மணியை எந்த நேரத்தில் எடுப்பது நல்லது? காத்திருக்கும் நேரம் வேலையா, ஓய்வா? (1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது; அது ஐந்து தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு உரியதாக இருந்தது. அப்பாவின் ஓனரிடம் இருப்பது இரண்டு வண்டிகள்.) கண் சொருகும்போது வண்டியை ஓரங்கட்டினால் பின்னால் இருக்கும் பார்ட்டி சத்தம் போடுகிறார்கள், அவர்களுக்கு யார் சொல்வது? ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கப் படுக்க வைத்துச் செய்யும் தூக்கப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் அந்த இரவின் டிரிப் போகுமே, அதற்கு என்ன வழி? மூக்கில் காற்று செலுத்தும் இயந்திரம் தருகிறார்களாமே, கரண்ட் போனால் என்ன ஆகும்? வண்டியில் படுக்கும் இரவுகளில் அதை எதில் மாட்டுவது?

அந்த இயந்திரத்தை 1981இல் சிட்னியில் காலின் சலிவன் என்ற மருத்துவர் தன் குழுவினரோடு உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதற்குப் பின் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் வாரத்தில் நான்கு இரவு வண்டியிலேயே படுக்கும் ஒருவருக்கு அது எப்படிப் பயன்படும் என்ற கேள்வி அந்த நிறுத்துமிடத்தில்தான் என் காதில் விழுந்தது.

இன்னொரு நாள், ஓர் ஓட்டுநரின் மனைவி பேசினார். சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலையில் பருவத்துக்கு வேலைக்குப் போகிறவர். இரண்டு மாதம் இரவு ஷிப்ட். "சீசன் முடிஞ்சப்புறமும் ராத்திரி முழிப்பாவே இருக்குது பாப்பா. அவருக்கு மட்டும்தான் தூக்கம் கெட்டுபோச்சா? எனக்கு யாரும் பேப்பர் தர மாட்டீங்களா?" என்று கேட்டார். தோழியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் திட்டத்தின் தலைப்பிலேயே ஓட்டுநர்கள் என்றுதான் இருந்தது.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். தோழியின் வழிகாட்டி இரண்டு தடைகளைச் சொன்னார், இரண்டிலும் நியாயம் இருந்தது. ஒன்று, அளவுகோலின் சொற்களை ஆளுக்கு ஆள் மாற்றினால் இங்கே வரும் எண்ணை வேறெங்கும் வந்த எண்ணோடு ஒப்பிட முடியாது. இரண்டு, ஆய்வேட்டுக்குக் காலக்கெடு உண்டு. மக்கள் பேசி முடிக்கும் வரை பல்கலைக்கழகம் காத்திருக்காது. முதல் தடைக்கு நான் தலைவணங்குகிறேன். மொழியியலிலும் தரப்படுத்திய சொற்பட்டியல் இல்லாமல் கிளைமொழிகளை ஒப்பிட முடியாது. இரண்டாவது தடைக்கு என்னிடம் விடை இல்லை. மக்களைக் கேட்பதற்கான மாதங்களைப் படிப்பின் கால அட்டவணையில் எவரும் ஒதுக்குவதில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

கடைசியில் கண்ட உடன்பாடு சிறியது. எப்வொர்த் அளவுகோல் அப்படியே இருக்கும். ஒரு சொல்லும் கூட்டப்படாது. ஆனால் அதற்கு முன், மூன்று ஓட்டுநர்களும் இரண்டு மனைவிமாரும் ஒரு கிளீனர் தம்பியும் அடங்கிய சிறு குழு திட்ட வரைவைக் கேட்டு, மாற்றம் சொல்லும். அவர்கள் இழக்கும் டிரிப்புக்கு ஈடு தரப்படும். அவர்கள் முதல் அமர்விலேயே ஐந்து மாற்றங்கள் சொன்னார்கள். ஓனர் வழியாக வராதீர்கள். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். தமிழ்ப் பேச்சைத் தெலுங்கு எழுத்திலும் தாருங்கள். படிக்காதவர்களுக்குப் போனில் ஒலியாகத் தாருங்கள். வீட்டில் பக்கத்தில் படுப்பவருக்கு ஒரு தனித்தாள் வையுங்கள். திட்டம் இன்னும் நெறிமுறைக் குழுவுக்குப் போகவில்லை. ஆய்வேட்டின் முதன்மைக் கேள்வி, எத்தனை பேருக்குக் கோளாறு என்பதிலிருந்து, துண்டுத் தூக்கம் எந்த நேரங்களில் கிடைக்கிறது, கண் சொருகுவதோடு அதற்கு என்ன தொடர்பு என்பதை நோக்கி நகர்ந்திருக்கிறது. ஆலைப் பெண்கள் இந்த முறை இதில் இல்லை. அது எங்களுக்கு உறுத்துகிறது.

அம்மாவின் கேள்விக்குத் தோழி நேரில் வந்து பதில் சொன்னாள். மூச்சு நிற்கும்போது மூளை தானே ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கும், அதுதான் அந்தக் 'கர்' சத்தம். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் சிலருக்குக் குறையும். ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்றாள். அம்மா கேட்டுக்கொண்டாள். "அப்ப நான் தூங்கலாம்னு சொல்றியா?" என்றாள். தோழி தயங்கினாள். மூச்சு நின்று நின்று வரும் கணவரின் பக்கத்தில் படுத்திருக்கும் பெண்ணின் தூக்கம் என்ன ஆகிறது என்பது அன்று எங்கள் பட்டியலில் ஒன்பதாவது கேள்வியாகச் சேர்ந்தது.

அப்பா புரட்டாசி முடிந்ததும் பரிசோதனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மாதத்து டிரிப்பை விட முடியாது என்பது அவர் கணக்கு. அம்மா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். சென்ற வாரம் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட மாதிரித் தாளை அவரிடம் கொடுத்தோம். வண்டிக்குள் உட்கார்ந்து தனியாக நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, தோழியிடம் நேரடியாகக் கொடுத்தார். எட்டாவது கேள்விக்கு என்ன எண் போட்டார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியக் கூடாது என்பதும் அந்தக் குழு சொன்ன விதிகளில் அடங்கும்.

படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே உள்ள நிலைக்கு உங்கள் வீட்டில், உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் என்ன சொல் சொல்கிறீர்கள்? எந்த ஊர், என்ன வேலை என்பதோடு எழுதுங்கள். அடுத்த வரைவை எழுதுவதற்கு முன் அவற்றைப் படித்துவிட விரும்புகிறேன்.